வயல்வரப்பைத் தாண்டும் விளைபொருள்

மைசூரு தேவராஜ மார்க்கெட்டுக்குத் தன் தோட்டத்து வாழைத்தாரைக் கொண்டுவரும் விவசாயியும், வாழைக்காயைச் சீவி வறுத்துப் பொட்டலமாக்கி விற்கும் குடும்பமும் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒரே தொழிலைச் செய்பவர்களாகத் தோன்றலாம். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். ஆகவே இவ்விதழில் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம், 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை முதலிய பழைய விதிகள் பலவும் இதனுள் அடங்கின. இச்சட்டத்தின் 18ஆம் பிரிவில் உள்ள ஒரு வாசகம் உழவர்களுக்கு மிகவும் முக்கியமானது. விவசாயிக்கும் மீனவருக்கும், பண்ணை அளவில் விளையும் பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்கிறது அது. எனவே தன் நெல்லையோ காய்கறியையோ விளைந்த நிலையிலேயே விற்கும் உழவர் எந்தப் பதிவும் பெறவேண்டியதில்லை. அப்பொருளை வறுத்தோ காய்ச்சியோ அரைத்தோ வேறொரு பொருளாக்கி விற்கத் தொடங்கியதும் அவர் உணவு வணிகர் ஆகிவிடுகிறார்.

மைசூருவுக்கு அடுத்துள்ள மண்டியா மாவட்டத்தின் ஆலைமனைகள் இதற்குத் தக்க சான்று. கரும்பு வயலில் இருக்கும்வரை விளைபொருள். சாறு கொப்பரையில் ஏறியபின் அது உற்பத்தி. வெல்லத்தில் மொத்தச் சர்க்கரை 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. கந்தக டை ஆக்ஸைடு பத்து இலட்சத்தில் 70 பங்கைத் தாண்டக்கூடாது. வெல்லம் வெளுப்பாக இருந்தால்தான் நல்ல விலை கிடைக்கும் என்று ஹைட்ரோஸ் தூளை அள்ளிப் போடும் வழக்கம் இந்த வரம்பில்தான் மோதுகிறது. இதில் விதியைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. மஞ்சள் வெல்லத்தைத் தேடிப்பிடித்து வாங்கும் நுகர்வோராகிய நமக்கும் இதில் பங்குண்டு.

சிறு உற்பத்தியாளருக்குச் சட்டம் ஒரு சலுகையும் தந்துள்ளது. 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி, ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவருக்கு உரிமம் தேவையில்லை. ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவுச் சான்று போதுமானது. ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 இலட்சம் என்பது விற்பனைத் தொகையே அன்றி இலாபம் அன்று. கிலோ 40 ரூபாய் எனக் கொண்டால் 30 டன் வெல்லம் இந்த வரம்பை எட்டிவிடும். நாளொன்றுக்கு அரை டன் காய்ச்சும் ஆலைமனைக்கு அது 60 நாள் வேலை. இதனோடு நாளொன்றுக்கு 100 கிலோ என்ற உற்பத்தி வரம்பும் விதியில் உண்டு. இரண்டையும் ‘மற்றும்/அல்லது’ என்னும் சொற்கள் இணைப்பதால் குழப்பமும் உண்டு. ஐயமிருப்பின் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெளிவதே நன்று.

வரம்பைத் தாண்டினால் மாநில உரிமம் பெறவேண்டும். நாளொன்றுக்கு ஒரு டன்னுக்குக் குறைவாக உற்பத்தி செய்பவருக்கு அவ்வொழுங்குமுறை ஆண்டுக்கு 3,000 ரூபாய் கட்டணம் விதித்தது. உண்மையில் கட்டணம் பெரும் சுமையன்று. கழுவத்தக்க தளம், சுவர், குடிநீர்த் தரமுள்ள நீர், பூச்சித் தடுப்பு, ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் பரிசோதனை என்று அடுத்தடுத்து வரும் செலவுகளே சிறியவரைத் திணறடிக்கின்றன. நான்கு கம்பங்களும் கீற்றுக் கூரையுமாக நிற்கும் ஆலைமனையை விதிக்கேற்ப மாற்றுவதென்றால் ஏறக்குறைய புதிதாகக் கட்டுவதுதான். பெருநிறுவனத்திற்கு ஒரு பரிசோதனைக் கட்டணம் இலட்சக்கணக்கான பொட்டலங்களில் பகிர்ந்துபோகும். இவருக்கோ சில நூறு அச்சு வெல்லத்தின் மீது விழும். 1998இல் தில்லியில் கலப்படக் கடுகு எண்ணெயால் பலர் இறந்தபின், சில்லறையில் அளந்து விற்கப்படும் சமையல் எண்ணெய்க்கு வந்த தடை, தவறேதும் செய்யாத செக்குக்காரர்களையும் சேர்த்தே தாக்கியதை நினைவுகூரலாம்.

இந்தச் சுமைக்கு அஞ்சிப் பலர் கணக்கில் விற்பனையைக் குறைத்துக் காட்டுகின்றனர். வங்கியாளராக நாம் வருந்துவது இதற்குத்தான். சிறு தொழில்களுக்கான நடைமுறை மூலதனக் கடனை நாயக் குழு வகுத்த முறைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதமாகக் கணக்கிடுகிறோம். உண்மையில் 30 இலட்சத்துக்கு விற்பவர் 11 இலட்சம் என்று காட்டினால், 6 இலட்சம் பெறவேண்டியவருக்கு 2 இலட்சத்து 20 ஆயிரமே கிடைக்கும். மீதித் தொகைக்கு அவர் வட்டிக்கடைக்குச் செல்கிறார். 3,000 ரூபாய் உரிமத்தைத் தவிர்க்க அவர் தரும் விலை இது.

கட்டட மாற்றம், இயந்திரம் ஆகியவற்றுக்கு 2020இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் தொழில்கள் முறைப்படுத்தும் திட்டம் உதவியது. அதில் தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சமாக 10 இலட்சம் ரூபாய் மானியம். 6 இலட்சம் ரூபாய்த் திட்டமெனில் தம் பங்கு குறைந்தது 60,000. மானியம் 2 இலட்சத்து 10 ஆயிரம். ஆனால் மானியம் கையில் தரப்படுவதில்லை. கடனின் கடைசித் தவணை வழங்கப்பட்டு மூன்றாண்டு கழிந்தபின், கணக்கு ஒழுங்காகவும் தொழில் நடப்பிலும் இருந்தால் மட்டுமே அது கடனில் சரிக்கட்டப்படும். இரண்டாம் ஆண்டில் தவணை தவறியபின் ‘மானியம் எங்கே?’ என்று கேட்டு வருவோருக்கு நாம் சொல்லக்கூடியது அதிகமில்லை. இதுபோன்ற திட்டங்களின் இன்றைய நிலையை விண்ணப்பிக்குமுன் கிளையில் கேட்டறிக.

மைசூரு வட்டாரத்தாருக்கு அருகிலேயே ஒரு துணை உண்டு. 1950 முதல் செலுவாம்பா மாளிகையில் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அது. 2015இல் நாடே பேசிய நூடுல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதிரிகளைப் பரிசோதிக்கப் பணித்தது இந்நிலையத்தைத்தான். உணவு பதப்படுத்துவதில் இங்குப் பயிற்சிகளும் நடைபெறுகின்றன.

கறவை மாடு வைத்திருப்போருக்கு ஒரு சொல். பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினராகத் தம் பால் முழுவதையும் சங்கத்திற்கே ஊற்றுபவருக்குப் பதிவிலிருந்து விலக்குண்டு. ‘முழுவதையும்’ என்பதே இங்கு விதி. காலையில் சங்கத்திற்கும் மாலையில் சாலையோர ஓட்டலுக்கும் ஊற்றுபவர் அந்த 100 ரூபாய்ப் பதிவைப் பெற்றாக வேண்டும். மாட்டுக்கடன் விண்ணப்பத்தோடு அச்சான்றின் நகலையும் சேர்த்தே கிளைக்குக் கொண்டுவரலாம்.