அந்நிய நாட்டுச் சர்வகலாசாலைக்கு விண்ணப்பம் எழுதுதல்

ஊரப்பாக்கத்திலிருந்து காலை மின்சார ரயிலில் நம் கலாசாலைக்கு வரும் மாணவர்களின் பேச்சைச் சில காலமாகச் செவிமடுத்து வருகின்றேன். முன்பு பரீட்சையும் பந்தாட்டமும் பேசப்பட்ட இடத்தில் இப்பொழுது மிச்சிகனும் மான்செஸ்டரும் மியூனிக்கும் பேசப்படுகின்றன. சென்ற மாதம் அவர்களுள் ஒருவர், அயல்நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றிற்குத் தாம் எழுதிய விண்ணப்பக் கட்டுரையைக் காட்டித் திருத்தித் தர வேண்டினார். செலவுக்காகத் தந்தையார் வீட்டுமனையை ஈடுவைக்க இசைந்துவிட்டாரென்றும் கூறினார். இளமை முதலே தமக்கு விஞ்ஞானத்தில் தணியாத வேட்கை உண்டென்றும், அச்சர்வகலாசாலை உலகப் புகழ் வாய்ந்ததென்றும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தாம் செய்த வேலையைக் குறித்து ஒரு வரியும் இல்லை. எங்களூர்க் கிணறுகளின் நீரை ஓராண்டு மாதந்தோறும் எடுத்து, அதன் உப்பளவைக் குறித்து வைத்தவர் அவர் என்பதை நான் அறிவேன். அவருக்குக் கூறியதையே ஈண்டு விரித்து எழுதுகின்றேன்.

சென்னையிலிருந்து அயல்நாடு சென்ற கடிதங்களுள் 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் எழுதப்பட்டது ஒன்று உலகறிந்தது. எழுதியவர் சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக் குமாஸ்தா ஸ்ரீநிவாஸ இராமாநுஜன். அவர் கும்பகோணத்திலும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிலும் பயின்று எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், பட்டம் யாதொன்றும் இல்லாதவர். கேம்பிரிட்ஜில் இருந்த கணித பண்டிதர் ஹார்டிக்கு எழுதுகையில், தமது உத்தியோகத்தையும், ஆண்டுக்கு 20 பவுன் மட்டுமே தம் ஊதியம் என்பதையும், சர்வகலாசாலைப் படிப்பு தமக்கு இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே ஒளிவின்றிக் கூறிவிட்டார். அதன்பின் தம்மைப் புகழ்ந்து கொண்டாரல்லர். ஏறத்தாழ 120 தேற்றங்களை உடன் அனுப்பினார். அவற்றுட் சில முன்னரே பிறர் கண்டவை. பகா எண்களைப் பற்றிய சில பிழையானவை. எனினும் எஞ்சியவற்றைக் கண்ட ஹார்டி பிப்ரவரி 8-ஆம் நாளே விடையெழுதி, நிரூபணங்களை அனுப்புமாறு கேட்டார்.

முதற் கடிதத்திலேயே கதவு திறந்ததென்று எண்ணற்க. 1912-இல் சென்னை இஞ்சினீரிங் கலாசாலை ஆசிரியர் கிரிபித் என்பவர், இலண்டனிலிருந்த ஹில் என்னும் பேராசிரியருக்கு இராமாநுஜனின் கணக்குகளை அனுப்பியிருந்தார். ஹில் குறைகளைச் சுட்டிக்காட்டிப் படிக்கவேண்டிய நூலொன்றையும் குறித்தார். மாணாக்கராக ஏற்க முன்வந்தாரல்லர். ஒரு வேலையைக் கண்டு அதன் அருமையை அறியக்கூடியவர் எவர் எனத் தேடிக் காண்பதும் விண்ணப்பத்தின் ஒரு பகுதியே ஆகும்.

கேம்பிரிட்ஜுக்கு வருமாறு முதலில் அழைத்தபோது இராமாநுஜன் மறுத்துவிட்டார். கடல் கடத்தல் ஆசாரத்திற்கு விரோதமென்று குடும்பத்தார் கருதினர். அதற்கிடையில் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. மூன்று மாதத்திற்கொரு முறை அவர் தம் வேலையைப் பற்றி அறிக்கை அனுப்ப வேண்டுமென்பது நிபந்தனை. 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்குப் பிரசங்கம் செய்ய வந்த கேம்பிரிட்ஜ் ஆசிரியர் நெவில் அவரை நேரிற் கண்டு பேசினார். பணத்திற்கு என் செய்வது? ஆங்கிலம் போதுமா? மரக்கறி உணவு கிட்டுமா? மீண்டும் பரீட்சை எழுத நேருமோ? அவர் மனத்தில் இருந்த ஐயங்கள் இவையே. நூறாண்டு கடந்தும் ஊரப்பாக்கத்து ரயில் மேடையில் நான் கேட்கும் கேள்விகளும் இவையே அன்றோ!

பணத்திற்குச் சென்னைச் சர்வகலாசாலையே வழிசெய்தது: ஆண்டொன்றுக்கு 250 பவுன், பிரயாணச் செலவு வேறு. இத்தொகையில் 50 பவுன் ஊரிலிருந்த குடும்பத்திற்கென்று ஒதுக்கப்பட்டது. புறப்படுவதற்குச் சில நாள் முன்னர், தம் குடுமி களையப்படுவதைக் காணவேண்டாமென்று தாயாரையும் மனைவியாரையும் கும்பகோணத்திற்கு ரயிலேற்றிவிட்டார். எழும்பூரிலிருந்து செங்கற்பட்டு வழியாகத் தெற்கே செல்லும் அவ்விருப்புப்பாதை எங்களூரைக் கடந்தே செல்கின்றது. அதனை நினையாமல் அவ்வழியே என்னால் போகக் கூடுவதில்லை. 1914 மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார். ஆராய்ச்சி மாணாக்கருக்கு வேண்டிய முன்தகுதி அவர்பொருட்டுத் தளர்த்தப்பட்டது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சியினால் பி.ஏ. பட்டமும் பெற்றார்.

விதி தளர்வதை இந்நாளில் எவரும் நம்பியிருத்தலாகாது. மதிப்பெண் பட்டியல், ஆங்கிலப் பரீட்சைச் சான்று, ஆசிரியர் இருவர் அல்லது மூவரின் பரிந்துரைக் கடிதம், பணவசதிக்குச் சான்று என்பன இன்றி விண்ணப்பம் படிக்கப்படுவதே அரிது. ஜெர்மனிக்குச் செல்லும் நம் நாட்டு மாணவர்கள் பெரும்பாலோர் 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். என்னும் சான்றும் பெற்றாக வேண்டும். அந்நாட்டில் கல்விக் கட்டணமே இல்லை என்று கேட்டவர்கள், மியூனிக் தொழில்நுட்பச் சர்வகலாசாலை 2024-இன் குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பியக் கூட்டிணைப்புக்கு வெளியிலிருந்து புதிதாக வருவோரிடம் கட்டணம் வாங்குவதையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் ஆகஸ்டில் தொடங்கும் வகுப்பிற்கு முந்தைய டிசம்பரிலேயே தவணை முடிவதுண்டு. பரிந்துரை எழுதும் ஆசிரியரைத் தவணைக்கு முதல்நாள் மாலையில் தேடிச் செல்லும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. ஆசிரியன் என்ற முறையில் இதனைச் சிறிது மனவருத்தத்துடனேயே எழுதுகின்றேன்.

மனையை ஈடுவைப்பதற்கு முன்னர் உபகாரச் சம்பளத்தைத் தேடுதல் முறை. சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கலாசாலையில் ஆசிரியையாயிருந்த ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்று ஏற்பட்ட பார்பர் உபகாரச் சம்பளத்தைப் பெற்றே மிச்சிகன் சென்று, 1931-இல் தாவர சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இன்று காமன்வெல்த், செவ்னிங், எராஸ்மஸ் முண்டஸ் முதலிய உதவிகள் உள்ளன. பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் முதலியோரின் மக்களுக்கு இந்திய அரசாங்கத்தின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் உண்டு; செங்கற்பட்டுச் சுற்றுப்புறத்தில் இதற்குத் தகுதியுடையார் பலர் இதன் பெயரையும் கேட்டிலர்.

நம் மாணவ நண்பர் தம் கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொணர்ந்தார். வேட்கையும் உலகப் புகழும் போய்விட்டன. முதல் வரியிலேயே கிணறுகள் வந்துவிட்டன. கோடையில் இரண்டு கிணறுகள் வற்றியதனால் அளவு விடுபட்ட மாதங்களையும் மறையாமல் குறித்திருந்தார். மூன்று உபகாரச் சம்பளங்களுக்கும் எழுதியிருக்கின்றார். விடை வரும்வரை மனைப் பத்திரம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டுமென்று தந்தையாரும் இசைந்திருக்கின்றார்.