மதர்போர்டு மாற்றும் முன்: மலைவாசிகளுக்குச் சில குறிப்புகள்

மதர்போர்டைக் கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ், டேலி, ஆன்டிவைரஸ் எல்லாம் அந்தப் போர்டை அடையாளம் வைத்து ஓடுபவை. அதனால் முக்கியமான வேலை முழுக்க, பழைய போர்டு கொஞ்சமாவது உயிரோடு இருக்கும்போதே முடிய வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். கடை சேலத்தில் இருக்கிறது. ஒன்றை மறந்தாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மறுபடி இறங்கி ஏற வேண்டும்.

1. கோளாறு மதர்போர்டில்தானா என்று முதலில் பாருங்கள். தேதியும் நேரமும் தினமும் பழையபடி மாறினால், போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியை (சிஆர் 2032) மாற்றினாலே போதும். பனிமூட்டத்தின் ஈரத்தில் ராம் முனைகள் மங்கிப்போகும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். வேறொரு பவர் சப்ளையையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும்.

2. கம்ப்யூட்டர் தானாக அணைவதும், யுஎஸ்பி துளைகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பதும் போர்டு தரும் எச்சரிக்கை. அன்றைக்கே முழு பேக்கப் எடுத்துவிடுங்கள். விடுதி நடத்துபவர்கள் மே மாதக் கோடை விழாக் கூட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த மாதத்தில் இடிமழையும் வரும்.

3. உங்கள் விண்டோஸ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடியுங்கள். ரீடெயில் என்று வந்தால் அந்த லைசென்ஸைப் புதுப் போர்டுக்குக் கொண்டுபோகலாம். ஓஇஎம் என்று வந்தால் அது பழைய போர்டோடு பிணைந்தது. போர்டு பழுதாகி, கம்ப்யூட்டரைத் தயாரித்த கம்பெனி அதே போர்டையோ அதற்கு ஈடானதையோ போட்டுத் தந்தால் அந்த லைசென்ஸ் தொடரும். நீங்களாக வேறு போர்டு வாங்கிப் போட்டால் புது லைசென்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். விண்டோஸ் 7-லிருந்து இலவசமாக 10-க்கு மாறியவர்கள் பழைய ஸ்டிக்கரில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். அந்த எண்ணை வைத்து 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது.

4. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, லைசென்ஸ் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே இணையுங்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்பதையும் போனில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

5. பிட்லாக்கர் பூட்டு. இந்தக் குறிப்பைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில், நாம் கேட்காமலே ஹார்டு டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். சாவி இருப்பது மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில். போர்டு மாறியதும் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் குழந்தைகளின் படங்கள், தோட்டக் கணக்கு எதுவும் திரும்பாது. எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் எண்ணை எடுத்து, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பிறகு பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் போர்டைக் கழற்றுங்கள்.

6. காப்பித் தோட்டக் கணக்கு டேலியில் இருந்தால், லைசென்ஸ் பகுதிக்குப் போய் சரண்டர் கொடுத்த பிறகே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுங்கள். புதுப் போர்டில் சீரியல் எண்ணையும் பதிவு செய்த மின்னஞ்சலையும் கொடுத்தால், அதே மின்னஞ்சலுக்குத் திறப்பு எண் வரும். சிக்கல் வருவது இங்கேதான். பல எஸ்டேட்டுகளில் அந்த மின்னஞ்சல் என்றோ வேலையை விட்டுப்போன கணக்கரின் பெயரில் இருக்கும். இன்றே பார்த்து உரிமையாளர் மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டேட்டா ஃபோல்டரையும் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

7. ஆன்டிவைரஸை நெட் இணைப்பு இருக்கும்போதே நீக்கினால் பெரும்பாலும் அதன் லைசென்ஸ் விடுபடும். அடோபி கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு ஒன்றும் ஆகாது, அதன் டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டும்.

8. போர்டு வாங்கும் முன் பிராசஸர் சாக்கெட், ராம் வகை (டிடிஆர் 3, 4 அல்லது 5), கேபினெட் அளவு மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். அதைவிடப் பழைய பிராசஸருக்காகப் பழைய போர்டு தேடிப் பணம் போடுவது வீண் என்பது என் எண்ணம்.

9. பயாஸ் திரையில் சாட்டா முறை (ஏஹெச்சிஐ அல்லது ரெய்டு), பூட் முறை (யூஇஎஃப்ஐ அல்லது லெகசி) இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். புதுப் போர்டிலும் அதே மாதிரி வைத்தால் பழைய விண்டோஸ் பெரும்பாலும் அப்படியே எழுந்து, டிரைவர்களைத் தானே தேடிக்கொள்ளும். "போர்டு மாத்தினா ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும் சார்" என்று கடையில் சொன்னால், முதலில் ஃபார்மேட் செய்யாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபார்மேட் செய்து திருட்டு விண்டோஸை ஏற்றித் தந்தால், நீங்கள் காப்பாற்றிய லைசென்ஸுக்கே அர்த்தமில்லை.

10. சேலத்துக்குக் கொண்டுபோகும்போது கேபினெட்டைப் படுக்க வையுங்கள், போர்டு கீழ்ப்பக்கம் இருக்கட்டும். கனமான கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் தனியே கழற்றிவிடுங்கள். குளிர்காலக் காலையில் இங்கே குளிர்ந்துபோன பெட்டியை, கீழே வெப்பத்தில் இறக்கியதும் உள்ளே ஈரம் கோக்கும். ஒரு மணி நேரமாவது உலரவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

11. புதுப் போர்டில் விண்டோஸ் வந்ததும் நெட்டை இணையுங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் கொடுத்து, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றியதாகச் சொல்லும் வரியை அழுத்துங்கள். பழைய கம்ப்யூட்டரின் பெயர் பட்டியலில் வரும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

12. வானம் இருட்டி, இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நெட் கேபிளையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். மின்னல் அந்த வழியாக வந்தும் போர்டைக் கருக்கும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

13. விண்டோஸ், டேலி, ஆன்டிவைரஸ் மூன்றும் ஒரு வாரம் ஒழுங்காக ஓடும் வரை பழைய போர்டைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள். அதன் பிறகு மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். தோட்டத்து ஓரம் குப்பையோடு சேர்த்து எரிக்க வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம்.