சிறு வைரங்கள் செய்யும் பெரும்பணி

வைரம் என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன மூக்குத்தியும் மோதிரமும் ஆகும். ஆயினும் மண்ணிலிருந்து கிடைக்கும் வைரங்கள் பல நகைக்கு ஏற்றவை அல்ல. மணலளவே உள்ளவை, நிறம் மங்கியவை, உள்ளே கீறல் உடையவை என அவை பலவகைப்படும். "அவற்றை எறிந்துவிடுவார்களா, ஐயா?" என்று நம் வகுப்பில் மாணவி ஒருத்தி வினவினாள். அதற்கு விடை காண்போம்.

வைரம் என்பது கரியே. பென்சிலால் எழுதும்போது தாளில் படியும் கருமையும் அதே கரிதான். 1797ஆம் ஆண்டில் ஸ்மித்சன் டெனன்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் வைரத்தை எரித்து இவ்வுண்மையை மெய்ப்பித்தார். பென்சில் கரியில் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டிருத்தலால் எளிதில் வழுக்கிப் பிரிகின்றன. வைரத்திலோ ஒவ்வோர் அணுவும் வேறு நான்கு அணுக்களுடன் இறுகப் பிணைந்து நிற்கின்றது.

நிலக்கரியே வைரமாகிறது எனப் பலர் எண்ணுவர், அது பிழை. நிலக்கரி, மரஞ்செடிகள் புதைந்து உண்டானது. பெரும்பாலான வைரங்களோ நிலத்தில் செடிகள் தோன்றுவதற்கு முன்னரே, 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு உருவானவை. பூமியின் அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, ஆயிரம் பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்திலும், காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 50,000 மடங்கு அழுத்தத்திலும் அவை விளைந்தன. பின்னர்ப் பாறைக்குழம்பு விரைந்து மேலெழுந்து அவற்றைச் சுமந்து வந்தது. அக்குழம்பு இறுகிய பாறைக்குக் கிம்பர்லைட் என்று பெயர்.

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரே அப்பெயருக்குக் காரணம். அங்கு 1871இல் தோண்டத் தொடங்கி 1914இல் மூடப்பட்ட பெருஞ்சுரங்கத்தில், இரண்டு கோடி டன்னுக்கு மேற்பட்ட மண்ணையும் பாறையையும் அகற்றிப் பெற்ற வைரம் மூன்று டன்னுக்கும் குறைவே. கறுப்பினத் தொழிலாளர் பலர் ஒப்பந்தக் காலம் முழுவதும் வேலியிட்ட கொட்டடிகளில் அடைபட்டுக் கிடந்து உழைத்தனர். வைரத்தின் ஒளியைக் காணும் நாம் அவர்தம் வியர்வையையும் மறத்தலாகாது.

இனிச் சிறு வைரங்களின் பயனை நோக்குவோம். பால்மரம் சீவும் கத்தியை நாம் சாணைக்கல்லில் தீட்டுகிறோம். கத்தியைவிடக் கல்லின் துகள் கடினமானதால் கத்தி தேய்ந்து கூராகிறது. இயற்கையில் கிடைக்கும் கனிமங்களுள் வைரத்தினும் கடினமானது இல்லை. ஆகவே வைரத் துகள் பதித்த வாள் கருங்கல்லையும் காங்கிரீட்டையும் அறுக்கின்றது. வைரம் பதித்த துளைக்கருவி பாறையைக் குடைகின்றது. வைரத்தில் இட்ட நுண்துளை வழியே இழுத்து மயிரிழை போன்ற உலோகக் கம்பிகளைச் செய்கின்றனர். குண்டு விளக்கின் உள்ளிருந்த இழையும் அவ்வாறு செய்யப்பட்டதே. மேலும் நுண்ணிய பொடி, பிற மணிகளுக்கு மெருகிட உதவுகின்றது. 1954இல் அமெரிக்காவில் செயற்கை வைரம் செய்யும் முறை கைகூடிற்று; இன்று தொழிற்சாலைகளில் அதுவே மிகுதியாகப் பயன்படுகின்றது.

எனினும் வைரத்திற்கும் குறைகள் உண்டு. சம்மட்டியால் அடித்தால் அது நொறுங்கும். கடுந்தீயில் எரிந்தும் போகும்.

ஆக, அம்மாணவியின் வினாவுக்கு விடை இதுவே: மங்கிய வைரத்தையும் உலகம் எறிவதில்லை, அதற்குரிய பணியில் அதனை அமர்த்துகின்றது. மதிப்பெண் குறைந்தது என்பதற்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட எண்ணும் பெற்றோரும் இதனைச் சற்றே சிந்திப்பாராக.