போதைவஸ்தும் ஐந்தாம் கட்டளையும்



திருவிழாவுக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றபோது எம்முடன் மனந்திறந்து பேசினார். நல்ல பிள்ளை, நல்ல வேலை, தாய்க்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புபவர். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு கூடும்போது கொக்கெயின் என்னும் வெண்பொடியைச் சிறிது மூக்கால் இழுப்பதுண்டு என்று அவரே சொன்னார். "மாஸ்டர், நான் அதுக்கு அடிமை இல்லை. திங்கட்கிழமை காலமை வேலைக்குப் போறன். என்ரை காசு, என்ரை உடம்பு. ஆருக்கு என்ன நட்டம்?" என்றார்.

உடம்பு கெடும் தம்பி, இதயம் பாதிக்கும் என்று வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டோம். அது பொய்யல்ல. ஆனால் அவர் கேட்டது அதுவல்லவே. பிறருக்கு என்ன நட்டம் என்றல்லவா கேட்டார்? அந்தக் கேள்விக்குரிய பதிலை இன்று, பிந்தியாவது, எழுத முனைகிறோம்.

1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதைவஸ்தைப் பற்றி 2291 ஆம் எண்ணில் பேசுகிறது. மருத்துவத் தேவைக்கன்றி அதைப் பாவிப்பது கனமான குற்றம் என்றும், அதை இரகசியமாகத் தயாரிப்பதும் கடத்துவதும் தீமையோடு நேரடியாகக் கைகோர்ப்பது என்றும் அங்கே போதிக்கப்படுகிறது. இந்தப் போதனை எந்தக் கட்டளையின் கீழ் வருகிறது என்பதைக் கவனியுங்கள். மதுவெறியையும் பெருந்தீனியையும் போல அடக்கமின்மையைச் சேர்ந்த விஷயம் என்றே நம்மிற் பலர் எண்ணுவோம். ஆனால் அது கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையின் விளக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தன் உயிரைக் கெடுப்பதற்காக மட்டுமா? மேலே படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போதைக்கு முற்றாக அடிமையாகிவிட்டவர் நோயாளி. அவருக்குத் தேவை வைத்தியமும் இரக்கமும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. வேண்டாம் என்று சொல்லும் வலிமை இருந்தும் பொழுதுபோக்குக்காக வாங்குகிறவரோடுதான் இன்று நமது பேச்சு.

கொக்கெயின் கொக்கா என்னும் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுகிறது. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைவாசிகள், நம்மவர் வெற்றிலை போடுவதுபோல, அந்த இலையைக் களைப்புக்கும் பசிக்கும் நூற்றாண்டுகளாக மென்று வருகிறார்கள். அதில் வியப்பொன்றுமில்லை. கேடு தொடங்குவது காட்டுக் கொட்டில்களில். அங்கே இலையை வெட்டி, சீமெந்துத் தூளோ சுண்ணாம்போ தூவி, பெற்றோலில் ஊறவைத்து, அமிலம் சேர்த்துப் பசையாக்கி, பின்னர் பொடியாக்குகிறார்கள். ஒரு கிலோ பொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். கழிவு ஆற்றுக்குப் போகிறது. கொலம்பியக் காட்டில் ஏறத்தாழ 2,000 டொலர் பெறும் அந்தக் கிலோ, அமெரிக்காவின் மொத்த வியாபாரியிடம் போய்ச் சேரும்போது 25,000 டொலருக்கு மேலாகிவிடுகிறது. சில்லறையாக விற்கும்போது இன்னும் பல மடங்கு. இலை பறித்த ஏழை விவசாயிக்கு இதில் வந்து சேருவது சொற்பம்.

அப்படியானால் நடுவில் உள்ள பணம் எங்கே போகிறது? நேர்மையான வியாபாரத்தில் ஒருவன் ஏமாற்றினால் மற்றவன் வழக்குப் போடலாம். இந்த வியாபாரத்தில் நீதிமன்றம் இல்லை. கடன் கொடுக்காதவனுக்கும், காட்டிக் கொடுத்தவனுக்கும், பாதையைப் பங்கு கேட்டவனுக்கும் துவக்கே நீதவான். சுங்க உத்தியோகத்தரை, பொலிசாரை, அரசியல்வாதியை வாங்கப் பணம் வேண்டும். வாங்க முடியாதவரைக் கொல்லவும் பணம் வேண்டும். இந்தச் செலவுகள் எல்லாம் பொடியின் விலைக்குள் அடக்கம். சனிக்கிழமை இரவு கொடுக்கும் காசில் ஒரு பங்கு துவக்கு ரவைக்குப் போகிறது. இதை அலங்காரமாகச் சொல்லவில்லை; கணக்காகவே சொல்கிறோம்.

கொலம்பியாவில் 1984 ஏப்ரலில் நீதி அமைச்சர் ரொட்ரிகோ லாரா பொனில்லா சுட்டுக் கொல்லப்பட்டார். கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் பழைய கைது விபரத்தை 1983 இல் மீண்டும் அச்சிட்டு நாட்டுக்குக் காட்டியது 'எல் எஸ்பெக்தாதோர்' தினசரி. அதன் ஆசிரியர் கியெர்மோ கானோ, 1986 டிசம்பர் 17 அன்று, நத்தாருக்கு ஒரு வாரம் இருக்கையில், பத்திரிகை அலுவலக வாசலில் கொல்லப்பட்டார். 1989 ஓகஸ்டில் ஜனாதிபதி வேட்பாளர் லூயிஸ் கார்லோஸ் கலான். அதே ஆண்டு நவம்பரில் வேறொரு வேட்பாளரைக் கொல்வதற்காகப் பயணிகள் விமானமொன்றில் குண்டு வைத்தார்கள். அந்த வேட்பாளர் விமானத்தில் ஏறவே இல்லை. ஏறியிருந்த 107 பேரும் மாண்டார்கள்.

எஸ்கோபார் 1993 இல் செத்தான், வியாபாரம் சாகவில்லை. காலி நகரின் பேராயர் இசையாஸ் துவார்த்தே, 2002 மார்ச்சில் நடந்த தேர்தலில் வேட்பாளர்கள் சிலருக்குப் போதைவஸ்துப் பணம் பாய்கிறது என்று பகிரங்கமாகக் கண்டித்தார். அம்மாதம் 16 ஆம் திகதி ஏழைகள் வாழும் ஒரு பங்கில் பல சோடிகளின் திருமணத்தை ஒருங்கே நிறைவேற்றிவிட்டுக் கோவிலைவிட்டு வெளியே வந்தவரை வாசலிலேயே சுட்டார்கள்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்கிறீர்களா? 2016 டிசம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கொள்கலன் பிடிபட்டது. இந்தியாவுக்கு என்று ஈக்குவடோரில் மரம் ஏற்றி அனுப்பிய பெட்டி அது. உள்ளே ஏறத்தாழ 800 கிலோ கொக்கெயின். 2018 ஜனவரியில் கட்டுநாயக்காவில் பகிரங்கமாக அழிக்கப்பட்ட கொக்கெயின் 928 கிலோ. அந்த ஈக்குவடோர் கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் நடுவே கிடக்கும் நாடு. கொக்காச் செய்கை அங்கே பெரிதாக இல்லை. வாழைப்பழமும் துறைமுகமும்தான் உண்டு. துறைமுகம் கடத்தற்காரருக்குத் தேவைப்பட்டது. 2018 இல் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 6 கொலைகள் நடந்த நாட்டில் 2023 இல் 40 க்கும் மேல். அவ்வாண்டு ஓகஸ்டில் தலைநகர் கீத்தோவில் ஜனாதிபதி வேட்பாளர் பெர்னாண்டோ வில்லாவிசென்சியோ சுட்டுக் கொல்லப்பட்டார். பாதையில் இருப்பதே ஒரு நாட்டுக்குப் போதுமான கேடு. பாக்குநீரிணையில் கஞ்சா மூட்டை ஏற்றும் வள்ளங்களைக் காணும் நம் கரையோர ஊர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

ஐரோப்பாவுக்கு வரும் கொக்கெயினில் பெரும்பங்கு தென் இத்தாலியின் கலாபிரியக் குற்றக் கும்பலின் கையூடாகப் போகிறது. 2014 ஜனவரியில் அப்பகுதியில், போதைவஸ்துக் கடனின் பேரால், மூன்று வயதுப் பாலகன் பாட்டனாருடன் கொல்லப்பட்டு, மோட்டார் வண்டியோடு எரிக்கப்பட்டான். ஜூன் 21 இல் அங்கு சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், இவ்வழியில் நடப்போர் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

மெக்சிக்கோவின் சிவாவா மாநிலத்தில் மலைகளுக்குள்ளே செரோகாவி என்ற சிற்றூர். பூர்வீக மக்களிடையே அங்கு சேசு சபைக் குருக்கள் பணிபுரிந்து வந்தார்கள். 2022 ஜூன் 20 அன்று, ஆயுததாரி ஒருவனிடமிருந்து உயிர்தப்ப ஓடிய சுற்றுலா வழிகாட்டி ஒருவர் கோவிலுக்குள் புகுந்தார். அவருக்குத் துணைநின்ற 79 வயது ஹாவியர் காம்போஸ் அடிகளும் 80 வயது ஹோவாக்கின் மோரா அடிகளும் அவரோடு பீடத்தருகே சுடப்பட்டார்கள். சடலங்களையும் கொண்டுபோய்விட்டான், இரண்டு நாளின் பின்னரே அவை கிடைத்தன.

அவர்களுக்காவது கல்லறை உண்டு. அந்நாட்டில் பதிவான காணாமற்போனோரின் தொகை 2022 மே மாதத்தில் ஓர் இலட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலோர், 2006 டிசம்பரில் அரசு கடத்தற் கும்பல்களுக்கு எதிராக இராணுவத்தை இறக்கிய பின் மறைந்தவர்கள். கும்பல் கொண்டுபோனவர்களும் உண்டு. பொலிசாரும் படையினரும் பிடித்துக் கொடுத்தவர்களும் உண்டு. பிள்ளைகளைத் தேடித் தாய்மாரே புறப்பட்டார்கள். நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்குகிறார்கள். இழுத்து நுனியை முகர்ந்து பார்க்கிறார்கள். நாற்றம் இருந்தால் அவ்விடத்தில் தோண்டுகிறார்கள். வெராகுரூஸ் நகரில் 2016 மே 10, அன்னையர் தினத்தன்று, படங்களைத் தாங்கி ஊர்வலம் போன தாய்மாரிடம் யாரோ ஒரு வாகனத்தில் வந்து கையால் வரைந்த வரைபடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதிலே பல சிலுவைக் குறிகள். அந்த வெளியைத் தோண்டத் தொடங்கினார்கள். 250 க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் வந்தன.

பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்து வீதியோரம் ஆண்டுக்கணக்கில் குந்தியிருக்கும் தாய்மாரை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கண்ட நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. காயீனிடம் உன் சகோதரன் எங்கே என்று ஆண்டவர் கேட்டபோது அவன் தனக்கு என்ன தெரியும் என்றான். அப்போது இரத்தம் கூப்பிட்டது மண்ணிலிருந்து.

சிலர், நான் ஒருவன் விட்டால் வியாபாரம் நின்றுவிடுமா என்பார்கள். நிற்காது. களவுப் பொருளை நான் வாங்காவிட்டாலும் களவு நிற்காதுதான், அதற்காக வாங்கலாமா? வேறு சிலர், அரசுகள் தடை செய்தபடியால்தானே இரத்தம், சட்டத்தை மாற்றினால் தீருமே என்பார்கள். கற்றறிந்தோரும் இதை வாதிக்கிறார்கள். முழுவதும் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் என்றோ மாறக்கூடிய சட்டம், இந்தச் சனிக்கிழமை வாங்கும் பொடியைக் கழுவித் தராது. அது வந்த கைகள் மேலே சொன்ன கைகளே.

அந்த இளைஞர் திரும்பிப் போய்விட்டார். தாயார் சென்ற ஞாயிறு எம்மைக் கண்டு, மகனுக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். திட்டி எழுதவேண்டாம் அம்மா என்றோம். உடம்பைப் பற்றியும் எழுதவேண்டாம்; அதற்கு அவரிடம் பதில் உண்டு. வெராகுரூஸ் தாய்மாரின் கம்பியைப் பற்றி மட்டும் எழுதி, உங்கள் பெயரை அடியில் வையுங்கள் என்றோம்.