தோட்டைப் போட்டுக்கொண்டே வரச் சொல்

சுங்கை ரம்பாய்

அன்புள்ள தம்பிக்கு,

சட்ட உதவி கேட்டு வரும் தோட்டத்து மக்களுக்குப் பாரம் நிரப்பித் தருவது எப்படி என்று கேட்டு எழுதியிருந்தாய். வழக்கறிஞரான முதல் ஆண்டிலேயே இதைக் கேட்டாயே, அதுவே எனக்கு மகிழ்ச்சி. பாரத்தை ஒரு மணி நேரத்தில் படித்துக்கொள்வாய். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கூச்சத்தைப் போக்கத்தான் நாளாகும்.

பல ஆண்டுகளுக்கு முன் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். மோட்டாரில் வேலைக்குப் போன கணவர் லாரி மோதி இறந்துவிட்டார். 'கோர்ட்டு, கேசுன்னா காசு வேணுமே' என்று வீட்டோடு இருந்ததில் இரண்டரை ஆண்டு ஓடியிருந்தது. இறந்தவரை நம்பியிருந்த குடும்பம் வழக்குப் போட மலேசியாவின் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7ஆவது பிரிவு மூன்று ஆண்டுதான் தருகிறது. பேசும்போது கவனித்தேன், காதில் துளை மட்டும் தெரிந்தது. தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். 'தங்கம் போட்டிருந்தா ஏழைன்னு நம்ப மாட்டாங்களே ஐயா' என்றார். 'போட்டுக்குங்கம்மா. அதையும் சேர்த்தே எழுதுவோம்' என்றேன்.

ஏழ்மையை நிரூபிப்பது என்றால் ஏழையாகத் தோற்றம் காட்டுவது என்றே நம் மக்கள் நினைக்கிறார்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, இந்தியாவின் 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தை எடுத்துக்கொள். நீதிமன்றக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் வழக்குப் போடும் வழியை அதன் 33ஆவது ஆணை சொல்கிறது. வசதியைக் கணக்கிடும்போது ஜப்தி செய்ய முடியாத பொருள்களைச் சேர்ப்பதில்லை. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை எல்லாம் 60ஆவது பிரிவின்படி ஜப்திக்கு அப்பாற்பட்டவை. தாலியைக் கழற்றிவிட்டு வா என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் கட்டணத்திலிருந்து தப்புவதற்காக, மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் சொத்தைக் கைமாற்றியிருந்தால் மனு தள்ளுபடியாகும். இல்லாமை குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம்.

தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்குத் தொகையில் நூற்றுக்கு 7.5 என்றிருந்த கட்டணத்தை 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள். அப்படிக் குறைந்த பிறகும் பத்து லட்சம் கேட்பவர் முப்பதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். இங்கே மலேசியாவில் மனுக் கட்டணத்தோடு போலீஸ் ரிப்போர்ட்டு, மருத்துவ ரிப்போர்ட்டு, ஆயர் குரோ கோர்ட்டுக்குப் போய்வரும் செலவு, அன்றைக்கு இழக்கும் சம்பளம் எல்லாம் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கின்றன. அதனால்தான் 1971ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டம் நமக்குப் பெரிய துணை. சட்ட உதவித் துறையின் சான்றிதழ் கிடைத்தவருக்கு நீதிமன்றக் கட்டணச் சுமை இல்லை. சாலை விபத்து இழப்பீடு, ஜீவனாம்சம் போன்ற வழக்குகள் அதற்குள் வரும். சம்பளப் பாக்கி என்றால் கோர்ட்டுக்கே போக வேண்டாம். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கச் சொல்.

வருமானத்தை எழுதும்போது நிதானம் தேவை. செம்பனைக் குலை அதிகம் விழும் மாதத்துச் சம்பளச் சீட்டு ஒன்றை வைத்துப் பன்னிரண்டால் பெருக்கிவிடாதே. மழை மாதத்தில் அதே ஆள் பாதிதான் வாங்கியிருப்பார். ஓராண்டுச் சீட்டுகளையும் கேள். வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடகுக் கடை ரசீது எல்லாவற்றையும் மேசையில் பரப்பு. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பான சொக்சோ பணம் வந்தால் அதையும் எழுது. நாளைக்கு அது வெளியே வந்தால் சான்றிதழே ரத்தாகலாம். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதே.

அந்த அம்மா மறுவாரம் தோட்டோடு வந்தார். அடகுச் சீட்டையும் சொக்சோ கடிதத்தையும் தாமே எடுத்து வைத்தார். கெடுவுக்குள் வழக்கு பதிவானது. இன்னும் ஏழெட்டு மாதம் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் எந்தச் சான்றிதழும் அவரைக் காப்பாற்றியிருக்காது.

ஆகவே யார் வந்தாலும் சம்பளத்தை அப்புறம் கேள். 'எந்தத் தேதியில நடந்துச்சும்மா?' என்று முதலில் கேள். கேட்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடு. பஸ்ஸில் வந்திருப்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்