மரம் இழுக்கும் வண்டி வாங்க நினைக்கும் சரவணனுக்கு

கொல்கத்தா,
டிசம்பர் 8.

அன்புள்ள சரவணனுக்கு,

பெரியப்பா எழுதுவது. குழந்தைக்குச் சளி விட்டதா? மார்கழி பிறக்கப் போகிறது, கோத்தகிரிக் குளிரில் காலையில் வெளியே தூக்கிக்கொண்டு திரியாதீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நீ "சரிங்க பெரியப்பா, சரிங்க பெரியப்பா" என்று சொல்லி முடித்துவிடுவாய். எழுத்தாக இருந்தால் கவிதாவும் படிப்பாள். அவள் கணக்குத் தெரிந்த பெண்.

நீ படம் அனுப்பிய ஸ்கிட்டர் வண்டியை தாராதலா யார்டுக்கே போய்ப் பார்த்துவிட்டேன். மல்லிக் பஜாரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போனேன். வண்டி நல்ல சாதிதான், மறுக்கவில்லை. கனடாக்காரர்கள் காட்டுக்கென்றே செய்த டிம்பர்ஜாக், அதிலும் சின்ன மாடல். நடுவில் மடிந்து திரும்பும், நாலு சக்கரமும் இழுக்கும், பின்னால் வின்ச், முன்னால் பிளேடு. படத்தில் பார்த்ததும் உனக்கு ஏன் ஆசை வந்தது என்று நேரில் பார்த்தபோது எனக்கே புரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் பிளாக்கில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. நாங்கள் வருவது தெரிந்து முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பழைய டீசல் எஞ்சினை வாங்குகிறவன் அது ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். அதனால் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டு, மறுநாள் காலையில் சொல்லாமல் போய் நின்றோம். பேட்டரியில் ஒயர் கொடுத்து வெகுநேரம் உருட்டிய பிறகுதான் பிடித்தது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார் மெக்கானிக். புகை குப்குப்பென்று மேலே வந்தது. பேக் கம்ப்ரஷன். ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்றார். ஹவர் மீட்டரில் இருக்கும் எண்ணை நான் பொருட்படுத்தவே இல்லை. மீட்டரை மாற்றுவது சுலபம், பெடலில் தேய்ந்த இரும்பையும் சீட்டுக்கு அடியில் விட்ட கீறலையும் மாற்றுவது கஷ்டம்.

அடுத்து நடு மூட்டு. இந்த வண்டிக்கு உயிரே அங்கேதான். பிளேடைத் தரையில் ஊன்றி முன்பாகத்தைத் தூக்கச் சொல்லிவிட்டு, மூட்டு இடுக்கில் கடப்பாரையை வைத்து நெம்பினார். மேல் பின் அசையவில்லை. கீழ்ப் பின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆடியது, புஷ் இருந்த இடத்தில் கிரீஸோடு இரும்புத் தூள் கலந்து கறுப்பாக வழிந்திருந்தது. பின்னையும் புஷ்ஷையும் கடைந்து போடலாம். ஆனால் பின் உட்காரும் ஓட்டையே நீள்வட்டமாகிவிட்டால் வெல்டு வைத்துத் திரும்பக் குடைய வேண்டும். அது மேட்டுப்பாளையத்தில் தெருவோரப் பட்டறையில் ஆகிற வேலை இல்லை.

என்னைக் கலங்க வைத்தது வின்ச்தான். வயர் ரோப்பை ஒரு பழைய கிரேனின் எடைக்கல்லில் மாட்டி இழுத்து, பிரேக் போடச் சொன்னோம். பிரேக் பிடித்த பிறகும் டிரம் மெல்ல மெல்லப் பின்னால் சுழன்றது. யார்டின் சமதரையில் அது ஒரு சாண் நழுவல். உன் சரிவில், கீழே ஆள் நிற்கும்போது, மேலேறிக்கொண்டிருக்கும் சில்வர் ஓக் தடி அந்த ஒரு சாணில் நிற்குமா? கீழே நிற்பவன் நீயாக இருந்தால்? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, கண்ணு.

விலைக்கு வருகிறேன். 9 லட்சம் சொல்கிறார்கள், 8-க்கு இறங்குவார்கள் என்று தோன்றுகிறது. அது நியாய விலையா என்று நீ கேட்டிருக்கிறாய். யார்டில் நிற்கிற வண்டிக்கு விலை பேசாதே. நீ வேலை எடுக்கும் தோட்டத்துச் சரிவில் தடி இழுத்துக்கொண்டு நிற்கிற வண்டிக்கு என்ன செலவாகும் என்று முதலில் கூட்டு. எஞ்சின் வேலை, வின்ச் பிரேக், புது வயர் ரோப், மூட்டு, ஹைட்ராலிக் ஹோஸ். டயர் இரண்டில் பக்கவாட்டு வெடிப்பு இருக்கிறது. சாதாரண டிராக்டர் டயர் போட்டால் வெட்டின கட்டை குத்திக் கிழித்துவிடும், காட்டு வேலைக்கான டயர் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. இங்கிருந்து மேட்டுப்பாளையம் 2,000 கிலோமீட்டருக்கு மேல், லோ பெட் டிரெய்லர் வாடகை தனி, அப்புறம் மலை ஏற்ற வேண்டும். ஓடுகிற நல்ல வண்டியின் மதிப்பில் இதெல்லாம் போக மிச்சம் எவ்வளவோ அதுதான் நீ யார்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு. நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில் 4 லட்சத்துக்கு மேல் கொடுக்க இடமில்லை. அவர் அதற்குத் தர மாட்டார்.

காகிதமும் சரியில்லை. வெளிநாட்டிலிருந்து பழைய எந்திரம் இறங்கினால் கஸ்டம்ஸில் பில் ஆஃப் என்ட்ரி இருக்கும், அதன் வயதையும் மதிப்பையும் பார்த்துச் சொன்ன சார்ட்டர்டு எஞ்சினியர் சான்றிதழ் இருக்கும். கேட்டேன். "ஆபீஸில் இருக்கிறது தாதா" என்றார். மறுநாளும் ஆபீஸில்தான் இருந்தது. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறேன், அந்தக் காகிதம் என்றைக்காவது வந்தால் ஒத்துப் பார்க்கலாம். இன்னொன்று: முன்னால் பிளேடு வைத்த வண்டியை நீலகிரியில் ஏற்றினால் மண் தள்ளுகிற எந்திரம் என்றுதான் நிறுத்துவார்கள். அங்கே ஜேசிபிக்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது என்னைவிட உனக்குத் தெரியும்.

சரி, இதெல்லாம் இரும்பு சமாசாரம். காசு இருந்தால் சரிசெய்யலாம். நான் சொல்ல வந்தது வேறு.

இந்த வண்டி தடி இழுக்கும். தடி இழுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. மரத் தொழிலில் ஒரே நாளில், ஒரே காகிதத்தில், வேலை நின்றுபோகும். 12 டிசம்பர் 1996 உனக்கு ஞாபகம் இருக்காது, நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தாய். கூடலூர்க் காட்டுக்காக நிலம்பூர்க் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்றைக்குத்தான் உத்தரவு போட்டது. காடு என்று எதையெல்லாம் சொல்லலாமோ அங்கெல்லாம் வேலைத் திட்டம் இல்லாமல் மரம் வெட்டக் கூடாது, வடகிழக்கின் ஏழு மாநிலங்களிலிருந்து ஒரு தடிகூட வெளியே போகக் கூடாது. இங்கே நான் வேலை பார்த்த பிளைவுட் ஆபீசில் ஒரு வாரத்தில் டெலிபோன் அடிப்பதே நின்றுவிட்டது. நிம்தலாவில் தடி அடுக்கியிருந்த முதலாளிகள், இருக்கிறதை விற்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த உத்தரவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் இன்றைக்கு வெட்டுவதற்குக் காடே மிஞ்சியிருக்காது. அந்தமானுக்கும் 2002 மே மாதம் அதே மாதிரி உத்தரவு வந்தது. நான் சொல்வது, அந்த மாதிரி நாள் வந்தால் உன் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

தோட்டத்து நிழல் மரம்தானே என்று நினைக்காதே. அந்த உத்தரவிலேயே தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்ட நிழல் மரத்தைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறது. நட்டு வளர்த்ததைத்தான் வெட்டலாம், தானாக முளைத்ததைத் தொடக் கூடாது, அதுவும் கமிட்டியின் மேற்பார்வையில். அது போக 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கவே இருக்கிறது. அனுமதி வரத் தாமதமானால் வண்டி நிற்கும், வட்டி நிற்காது.

அந்தமான் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஐம்பதுகளில் கல்கத்தாக் கம்பெனி ஒன்று வட அந்தமான் காட்டைக் குத்தகைக்கு எடுத்தது. தடி இழுக்க யானைகளைக் கப்பலில் கொண்டு போனார்கள். 1962 வாக்கில் கம்பெனி நொடித்துப் போனது, யானைகளை இன்டர்வியூ தீவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அவற்றின் வாரிசுகள் அங்கே காட்டு யானைகளாகத் திரிகின்றன. யானைக்குப் புல் கிடைத்தது, பிழைத்துக்கொண்டது. வேலை நின்றால் உன் டிம்பர்ஜாக்குக்கு யார் தீனி போடுவார்கள்?

உன் அப்பா லாரி வாங்கியதும் அதே 1996-தான். உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், உன் அம்மா எதிரில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம். கூடலூரில் தடி ஏற்றலாம், மாதம் இத்தனை நடை நிச்சயம் என்று சொல்லித் தரகரைக் கூட்டி வந்தவர் உன் பழனிச்சாமி மாமன். வண்டியைப் பார்க்கும் முன்னே அட்வான்ஸ் கொடுக்க வைத்தவரும் அவர்தான். ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் நீக்கப்படாமல் இருந்தது, அதைக் கேட்க வேண்டாமா என்று உன் அப்பா கேட்டதற்கு, "மச்சான், என் மேல நம்பிக்கை இல்லையா" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்கு என் தம்பி வாயை மூடிக்கொண்டான். டிசம்பரில் உத்தரவு வந்தது. லாரி வாசலில் நின்றது, சீஸ் பண்ண ஆள் வந்தது, காரமடை மேட்டுக்காடு போனது. பழனிச்சாமி மாமன் அடுத்து வந்த பொங்கலுக்குக்கூட வரவில்லை.

இப்போது இந்த வண்டியைப் பற்றி உனக்குச் சொன்னதும் அவர்தானாமே. கவிதா பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் உனக்குக் கெட்டது நினைக்கிறவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடுத்தவன் காசு என்றால் அவருக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டி. அவர் சொல்லி நீ ஏற்கனவே ஏதாவது அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே எனக்குச் சொல். திட்ட மாட்டேன்.

எதை வாங்குவது என்பது உன் இஷ்டம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று இந்த டிம்பர்ஜாக். இன்னொன்று, நீயே சொன்னாயே, மேட்டுப்பாளையத்தில் விற்பனைக்கு நிற்கும் மாஸே பெர்குசன் 1035. அதன் எஞ்சின் சென்னை சிம்சன் எஞ்சின். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவான், உனக்கும் அந்தக் கை இருக்கிறது. உதிரி பாகம் கோயம்புத்தூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் பின்னால் ஒரு நல்ல வின்ச் புதிதாக வாங்கிப் போடு. இழுக்கிற நாளில் இழுக்கும். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவில் தடி இழுத்தால் மண் வாய்க்காலாகிவிடும், தேயிலைச் செடியின் வேரும் போகும், எஸ்டேட்காரர் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார். ஆகவே வருஷம் முழுக்க உனக்கு இழுவை இருக்காது. மிச்ச நாளில் மாஸே டிரெய்லர் கட்டும், உழும், தண்ணி டேங்க் இழுக்கும். விற்க வேண்டி வந்தால் ஒரே நாளில் போகும். வங்காளத்து வண்டியும் இல்லை, ஆர்.டி.ஓ. என்.ஓ.சி.க்காக அலைய வேண்டியதில்லை. ஆர்.சி.யில் கடன் பதிவு (ஹெச்.பி.) இருந்தால் மட்டும், படிவம் 35-உம் பாங்க் கடிதமும் கையில் வராமல் பணம் கொடுக்காதே.

டிராக்டரில் ஒரு பயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தடியைப் பின்னால் உயரத்தில் கட்டி மேட்டில் ஏறும்போது, தடி ஒரு அடிக்கட்டையில் முட்டிக்கொண்டால் முன் சக்கரம் தூக்கும். கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது, வண்டி ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்துவிடும். எப்போதும் அச்சுக்குக் கீழேயே கட்டு. முன்னால் எடை போடு. தலைக்கு மேல், வண்டி உருண்டாலும் நசுங்காத கூண்டு அடிக்காமல் ஒரு நாள்கூட ஏறாதே, அது எத்தனை ஆயிரம் ஆனாலும் நான் தருகிறேன். வண்டியை மேலே ரோட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, வின்ச்சால் தடியை மேலே இழு. வயர் இழுபடும்போது அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்க விடாதே, நீயும் நிற்காதே. உன் அம்மாவுக்கு நீ ஒருத்தன்தான்.

ரொம்ப எழுதிவிட்டேன். படிக்கும்போது உனக்குக் கோபம் வந்திருக்கும். பெரியப்பா எப்போதும் குற்றமே பார்க்கிறார் என்று நினைக்காதே, கண்ணு. உன் வயதில் நம் வீட்டில் யாரும் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. நீ கொடுக்கிறாய். போன தடவை வந்தபோது உன் ஆட்கள் உன்னிடம் பேசிய விதத்தைப் பார்த்து நானும் பெரியம்மாவும் ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் அதையேதான் பேசிக்கொண்டு வந்தோம். உன் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு உன் மனசு டிம்பர்ஜாக்கிலேயே இருந்தால் சொல். மெக்கானிக்கை மறுபடி கூட்டிக்கொண்டு தாராதலாவுக்கு நானே போய் உட்கார்ந்து விலை பேசுகிறேன், வின்ச் பிரேக்கை இங்கேயே புதுசாக மாற்றி ஏற்றி அனுப்புகிறேன். மாஸே என்றால் வின்ச்சுக்குப் பாதிப் பணம் என்னுடையது. கடன் இல்லை, திருப்பிக் கொடுக்கிறேன் என்று பேசாதே. எந்த வண்டியானாலும் பூஜைக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். பனிக்கால வெல்லம் வந்துவிட்டது, நோலென் குர் இரண்டு கிலோ கட்டிப் பார்சலில் போட்டிருக்கிறேன், உன் அம்மாவுக்குப் பிடிக்கும். பெரியம்மா குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னி வைத்திருக்கிறாள், கை நீளம் போதுமா என்று அளந்து கவிதாவைச் சொல்லச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு. பழனிச்சாமி மாமனைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா