திறமூலம் என்னுஞ் சொல்

கணனித் துறையிலே வழங்கும் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்னுந் தொடரைத் தமிழில் திறந்த மூலம் எனவும் திறமூலம் எனவும் எழுதுகின்றனர். முன்னது பெயரெச்சத் தொடர், பொருள் வெளிப்படை. பின்னது வினைத்தொகை, திறந்த, திறக்கின்ற, திறக்கும் என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கும். ஆயினும் ‘திறம்’ என்னும் பெயர் ‘மூலம்’ என்பதனோடு புணருமிடத்தும் திறமூலம் என்றே ஆகுமாதலின், மாணவர் மயங்குதல் கூடும். மூலம் என்றதும் நோயை நினைந்து நகைப்பாரும் உளர்! நாமோ, ‘மூலமும் உரையும்’ எனப் பழைய பதிப்புக்களின் முகப்பிலே காணும் மூலத்தை நினைத்தல் வேண்டும். மூலம் கையிலிருந்தாலன்றோ உரையாசிரியரோடு மாறுபட்டு வேறுரை காணலாம்? மென்பொருளின் மூலமாவது, அதனை ஆக்கியோர் எழுதிய கட்டளை நிரல். விலைக்கு வரும் மென்பொருள் பலவற்றில் அது மறைக்கப்படுகின்றது.

1983இல் றிச்சாட் ஸ்ரோல்மன் தொடங்கிய முயற்சி, மறைக்கப்படாத மென்பொருளைப் ‘பிறீ’ என்னும் அடைமொழியாற் குறித்தது. அவ்வாங்கிலச் சொல் விடுதலையையும் இலவசத்தையும் ஒருங்கே உணர்த்தி இடர் விளைத்தது. 1998இல் கிறிஸ்ரின் பீற்றசன் என்னும் அம்மையார் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்பதை முன்மொழிந்தார். விடுதலை என்னுங் கருத்து அதிலே மறைகின்றதென்று ஸ்ரோல்மன் அதனை ஏற்றாரல்லர். தமிழில் இவ்விடர் இல்லை. கட்டற்றது வேறு, இலவசம் வேறு.

கரடியனாற்று வட்டைகளில் வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. சோறாக்கி இலையிலிட்டால் அஃது இலவசம். விதைநெல்லைக் கொடுத்து, விதைக்கவும், நல்ல கதிரைத் தெரிந்தெடுக்கவும், அயலாருக்கு அளந்து கொடுக்கவும் இடமளித்தால் அதுவே திறமூலம். விதைநெல்லுக்கு விலை வாங்கலாம், திறமூலத்துக்கும் வாங்கலாம். கடையிலே திருட்டுப் பிரதியைப் பதிப்பித்துவிட்டுச் ‘சும்மா கிடைத்தது’ என்பாரின் பொருளோ இரண்டிலும் அடங்காது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் மட்டக்களப்புக் கரையோரத்தையும் அழித்தது. காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து ஒழுங்குசெய்ய, இலங்கைக் கணனி வல்லுநர் தன்னார்வத்துடன் ‘சகானா’ என்னும் மென்பொருளை அமைத்தனர். அது நிவாரணம் எனப் பொருள்படுஞ் சிங்களச் சொல். மூலத்தைத் திறந்து வைத்தமையால், 2005இற் பாகிஸ்தானிலும் 2010இல் ஹெயிற்றியிலும் நிலநடுக்கம் நேர்ந்தபோது அதனை எடுத்துப் பயன்படுத்தினர். நம் துயரிற் பிறந்த கருவி பிறர் துயருக்கும் உதவிற்று.

பாடசாலைக்கு அண்மையான எடுத்துக்காட்டு ‘லிப்ரே ஒபிஸ்’. கடிதம் எழுதவும் கணக்கிடவும் உதவும் இத்திறமூல மென்பொருளைத் தமிழ் முகப்போடும் பயன்படுத்தலாம். அதிலே ஒரு கலைச்சொல் பிழையெனக் கண்டால், தமிழாசிரியரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் அதனைப் பேணுவோர் கையிலுள்ளது.